தண்ணியைக் கொட்டச் சொல்லுங்கள்: பூனைக்காலி விற்போருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் மரபு உணவுத் திருவிழாவும் நாட்டு விதைத் திருவிழாவும் நடத்துகிற அண்ணாச்சிமாருக்கும், அங்கே கடை போடுகிற மகளிர் குழு அக்காமாருக்கும்,

வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. படித்தது உணவியல், பிழைப்பும் அதுதான். சர்க்கரைக்காரர், சிறுநீரகம் கெட்டவர், பிள்ளை பெற்றவள் என்று தினமும் யாருக்காவது “இதைத் தின்னுங்க, அதை விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பவள். உங்கள் விழாக்களுக்குத் தவறாமல் வருவேன். தொலி உளுந்தும் கொள்ளு என்கிற காணமும் குதிரைவாலியும் மறுபடி வீட்டுச் சமையலுக்குள் வந்ததில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இதை யாரிடமோ புகாராகக் கொடுக்காமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

விஷயம் ஒரே ஒரு பருப்பைப் பற்றியது. பூனைக்காலி. கொஞ்ச காலமாக உங்கள் கடைகளில் அது விதையாக வருகிறது, வறுத்துத் திரித்த மாவாக வருகிறது, கருப்பட்டி போட்ட உருண்டையாகவும் வருகிறது. பாக்கெட்டில் ‘புரதம் நிறைந்தது’, ‘மலைவாழ் மக்களின் உணவு’ என்று அச்சடித்திருக்கிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் மலைவாழ் மக்கள் அதை எப்படிச் சமைத்து உண்கிறார்கள் என்பது எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. அந்தச் சமையல்முறை இல்லாமல் இந்தப் பருப்பை விற்காதீர்கள். மாவாக விற்பதை அடியோடு நிறுத்துங்கள். நான் கேட்பது இந்த இரண்டுதான். மீதியெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

செடியைத் தெரியாதவர்களுக்காக: வேலியில், மரத்தில் ஏறிப் படர்கிற கொடி. கருநீலப் பூ கொத்துக்கொத்தாகத் தொங்கும். காட்டில் தானாக முளைப்பதன் காயில் பொன்னிறச் சுனை அடர்ந்திருக்கும். மேலே பட்டால் சொறிந்து சொறிந்து தோல் தடித்துப் போகும். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்களில் பக்கத்துப் பையன் சட்டைக்குள் அதைத் தூவி வாத்தியாரிடம் அடி வாங்காத தலைமுறை கிடையாது. அந்தச் சுனையில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது, செரட்டோனினும் இருக்கிறது. அரிப்பு அதனால். பயிராக வளர்க்கிற வகையில் அரிக்கிற இந்தச் சுனை இல்லாமல், காய் வெல்வெட் துணி போல வழவழவென்று இருக்கும். இங்கிலீஷ்காரன் அதற்கு வெல்வெட் பீன் என்றே பெயர் வைத்தான். உங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான். விதை மொச்சையைவிடப் பெரிசு. கருப்பு, வெள்ளை, புள்ளி போட்டது என்று பல நிறத்தில் மினுமினுக்கும், ஒரு ஓரத்தில் வெள்ளை வரம்பு கட்டியிருக்கும்.

சத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு எந்தத் தகராறும் கிடையாது. காய்ந்த விதை 100 கிராமில் 20 முதல் 30 கிராம் வரை புரதம் இருக்கிறது. நம் உளுந்தில் இருப்பது 24 கிராம் அளவு. ஆக, உளுந்துக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ நிற்கிறது. லைசின் என்கிற அமினோ அமிலம் தாராளம், அரிசியில் குறைவது அதுதான். பருப்பில் குறைகிற கந்தக அமினோ அமிலங்களை அரிசியும் கம்பும் ஈடு கட்டும். சோற்றோடு சேர்த்துத் தின்றால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பது எல்லாப் பருப்புக்கும் உள்ள கணக்கு, இதற்கும் உண்டு. நார்ச்சத்து உண்டு, பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு உண்டு. மண்ணுக்கும் நல்லது. வேரில் தழைச்சத்தைக் கட்டும், நூற்புழுவை அடக்கும், களையை மேலே வரவிடாது. விதையில் வண்டும் எளிதில் விழாது, மருந்தடிக்க வேண்டிய தேவை குறைவு என்று விளைவிக்கிறவர்கள் சொல்வார்கள்.

வண்டு ஏன் தள்ளி நிற்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த விதைக்குள் எல்-டோபா என்று ஒரு பொருள் இருக்கிறது. சாமானிய அளவிலும் இல்லை. காய்ந்த விதையின் எடையில் பெரும்பாலும் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை. பூனைக்காலி விதையிலிருந்து அதை முதன்முதலாகப் பிரித்துக் காட்டியது வெளிநாட்டில் யாரோ அல்ல, சென்னையில் உயிர்வேதியியல் பார்த்துக்கொண்டிருந்த தாமோதரனும் ராமசாமியும். ஆண்டு 1937. பூச்சியை அண்டவிடாமல் செடி தனக்காகச் செய்து வைத்திருக்கிற காவல் அது. மனித உடம்புக்குள் போனால் அது டோபமைனாக மாறும். மூளையில் டோபமைன் குறைவதால் வருவது பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம். அதற்கு மருத்துவர்கள் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையும் இந்தப் பருப்பில் உள்ள எல்-டோபாவும் ஒரே பொருள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மாத்திரை அது.

குறை இல்லாதவர் உடம்பில் அளவுக்கு மேல் போனால் குமட்டும், வாந்தி வரும், எழுந்து நின்றால் தலை சுற்றும், ரத்த அழுத்தம் இறங்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் கூடினால் மனம் குழம்பும், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு விழாவில், ஊர் வேண்டாம், ஒரு அக்காவின் கடையில் நின்றேன். அழகாக அடுக்கியிருந்தார். பூனைக்காலி சத்துமாவு, கால் கிலோ. பின்பக்கத்தில் ‘காலையும் மாலையும் பாலில் இரண்டு கரண்டி’ என்று இருந்தது.

“மாவை எப்படிக்கா செய்தீங்க?”

“விதைய நல்லா மணம் வர்ற மட்டும் வறுத்து, மில்லுல கொடுத்துத் திரிச்சதும்மா. வேற ஒண்ணுஞ் சேக்கல.”

“அவிச்சு எடுக்கலையா?”

“அவிச்சா சத்து போயிராது? காணம் மாதிரிதான் இதுவும்.”

அவர் பேச்சில் கள்ளம் எதுவும் இல்லை. வாங்குகிறவருக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைக்கிறார். கணக்கை மட்டும் பாருங்கள். குவித்து எடுத்த இரண்டு பெரிய கரண்டி மாவு 20 கிராம் வரும். நூற்றுக்கு 4 பங்கு என்று வைத்தால் 800 மில்லிகிராம் எல்-டோபா, 5 பங்கு என்றால் ஒரு முழு கிராம். வறுக்கும்போது கொஞ்சம் குறையும் என்று கழித்துக்கொண்டாலும் சின்ன அளவில்லை. நடுக்குவாத மாத்திரை ஒன்றில் பொதுவாக இருக்கும் லெவோடோபா 100 மில்லிகிராம். ஆனால் மாத்திரையில் கார்பிடோபா என்ற துணைமருந்தும் சேர்ந்திருக்கும். வழியில் வீணாகாமல் மூளைக்குக் கொண்டு சேர்க்கிற வேலை அதனுடையது. அதனால் 800 மில்லிகிராம் என்றவுடன் எட்டு மாத்திரை என்று பயங்காட்ட நான் வரவில்லை. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பூனைக்காலி விதையிலிருந்து செய்த பொடி 30 கிராமை, 200 மில்லிகிராம் லெவோடோபா கொண்ட மாத்திரைக்கு எதிராக வைத்துப் பார்த்தார்கள். பொடி மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை செய்தது. ஆக, அந்த அக்கா சொன்ன காலை மாலைக் கணக்கு ஒரு நடுக்குவாத நோயாளியின் மருந்தளவுக்குள் நுழைந்துவிடுகிறது. வாங்கிப் போகிறவர் முட்டிவலிக்கும் முடி கொட்டுவதற்கும் நல்லது என்று குடித்துக்கொண்டிருப்பார்.

வறுத்தால் போய்விடும் என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொலிவியாவில் மாத்திரை வாங்க வசதியில்லாத நடுக்குவாத நோயாளிகளுக்காக ஒரு ஆய்வு நடந்து 2017-இல் வெளியானது. அவர்களுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? வறுத்துத் திரித்த பூனைக்காலி விதைப்பொடி, வேறு எந்தப் பக்குவமும் செய்யாதது. அது மருந்தாக வேலை செய்தது. உங்கள் சத்துமாவும் அதுவும் செய்முறையில் ஒன்றே. நோயாளிக்கு மருத்துவர் அளந்து கொடுத்தால் மருந்து, நல்ல உடம்புக்காரர் டம்ளரில் கலக்கிக் குடிக்க அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பருப்புகளில் இருக்கிற வேண்டாத பொருள்களை நான் இரண்டு கூறாகப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு கூறு நெருப்புக்கு அடங்கும். செரிமானத்தைத் தடுக்கிற டிரிப்சின் தடுப்பான், லெக்டின் எல்லாம் அந்த வகை, நன்றாகக் கொதித்து வெந்தால் செயலற்றுப் போகும். இன்னொரு கூறு தண்ணீரோடுதான் வெளியேறும். எல்-டோபா அதில் சேர்ந்தது. வயிற்றை உப்ப வைக்கிற சர்க்கரைகளும், துவர்ப்பில் ஒரு பங்கும் அதோடு போகும். எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் தண்ணீர் பாத்திரத்துக்குள்ளேயே இருந்தால் விஷயமும் உள்ளேயேதான் இருக்கும்.

நம் ஊர்ச் சமையலுக்கும் இந்தப் பருப்புக்கும் இங்கேதான் மோதல் வருகிறது. நெல்லைச் சமையலில் பருப்பு அவித்த தண்ணீரைக் கொட்டுவது பாவம். காணம் அவித்தால் அந்தத் தண்ணீர் ரசமாகும், பருப்பை மட்டும் துவையலுக்கு எடுப்போம். துவரம்பருப்பு வெந்தவுடன் மேலே தெளிந்து நிற்பதை ஒரு கரண்டி மொண்டு, நெய் விட்டு, பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுவோம். சிறுபயறு ஊறவைத்த தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுவோமே தவிர சாக்கடையில் விடமாட்டோம். ‘சத்தெல்லாம் தண்ணியிலதான் கெடக்கு’ என்பது என் ஆச்சி சொன்னது, உங்கள் ஆச்சியும் சொன்னது. போதாதற்குக் குக்கர் வந்துவிட்டது. நாலு விசில், மூடியைத் திறந்தால் தண்ணீரும் பருப்பும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும், அப்படியே புளியைக் கரைத்து ஊற்றிவிடலாம். காணத்துக்கும் துவரைக்கும் சிறுபயறுக்கும் இந்தப் பழக்கம் நல்ல பழக்கம். பூனைக்காலியை மட்டும் இதே கையால் சமைத்தால், எதைக் கொட்ட வேண்டுமோ அதையே முதலில் குடிப்போம். ‘காணம் மாதிரிதான்’ என்று அந்த அக்கா சொன்னபோது எனக்குப் பக்கென்று ஆனது அதனால்தான்.

நாம் கொட்டவே தெரியாத ஜனமும் இல்லை. தென்காசியிலிருந்து நாகர்கோவில் வரை மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்கிற வீடுகளில், அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் மிளகாய்ச் சம்மந்தியைத் தேடுவார்கள். அதில் சயனைடு இருக்கிறது என்று படித்துவிட்டா கொட்டினார்கள்? மாமியார் கொட்டினார், மருமகளும் கொட்டினாள். மரச்சீனி இந்தப் பக்கம் வந்தபோது கிழங்கோடு பக்குவமும் கூடவே வந்தது. பூனைக்காலியை நீங்கள் பக்குவத்தைப் பிரித்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஊரே சாட்சி. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் வடக்கே நம்புலா என்று ஒரு மாகாணம். அங்கேயும் பஞ்ச காலத்தில் இந்தப் பருப்பை உண்பது உண்டு, பலமுறை அவித்து வடித்துக் கொட்டி. 1989-இல் உள்நாட்டுப் போரும் வறட்சியும் சேர்ந்து வந்தன. தண்ணீரே கிடையாது, இதில் கொட்டுவதற்கு எங்கே போவார்கள்? வடிக்காமல் தின்றார்கள், அவித்த தண்ணீரையும் குடித்தார்கள். 200-க்கும் மேற்பட்டோருக்குத் தலைவலி, படபடப்பு, பிதற்றல், யாரோ கொல்ல வருகிறார்கள் என்கிற பயம். மறு ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். பருப்பு அவர்களுக்குப் புதிதில்லை, பக்குவமும் தெரியாததில்லை. தண்ணீர் இல்லாமல் போனது ஒன்றுதான் குறை.

இனி நம் மலைக்கு வருவோம். பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. நம் மலையில் பூனைக்காலியை உணவாக்கத் தெரிந்தவர்கள் என்று ஆய்வுக் கட்டுரைகள் பேர் சொல்லிக் காட்டுவது அவர்களைத்தான். திரும்பத் திரும்ப அவித்து வடிப்பது அவர்கள் வழக்கம், ஏழு தண்ணீர் வரைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு காணிப் பெரியம்மை செய்ததை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததை அப்படியே சொல்கிறேன், நீங்கள் பாக்கெட்டில் போட வேண்டியது இதுதான்.

முதல் நாள் சாயங்காலமே விதையை ஊறப்போட்டிருந்தார். காலையில் அது இரண்டு மடங்காகப் பருத்து, மினுமினுப்புப் போய், தோல் சுருங்கி நின்றது. ஊறின தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது, முதலில் அது போயிற்று. பெருவிரலால் அழுத்தினால் தோல் கழன்று வந்தது. வராததை நகத்தால் கீறி உரித்தார். உரித்த பருப்பை இரண்டாகப் பிளந்தார். “முழுசா போட்டா உள்ளது உள்ளயே நிக்கும்” என்றார். எல்-டோபா என்ற பேரை அவர் கேட்டதே இல்லை, ஆனால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மண்பானையில் தளதளவென்று கொதித்த தண்ணீரில் பருப்பைப் போட்டு, ஒரு கொதி நன்றாக வந்து நுரை கட்டினதும் இறக்கி, கூடையில் சாய்த்து வடித்தார். அதுவும் கருத்த தண்ணீர், பச்சை வாடை அடித்தது. மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி வடி. பக்கத்து அடுப்பில் வெந்நீர் தயாராகவே கிடந்தது, பச்சைத் தண்ணீர் விட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளுமாம். நாலாவது தண்ணீரில் கருமை குறைந்து பழுப்பானது. அதற்கப்புறம் வைக்கோல் நிறம். கடைசித் தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்து வந்தபோது பருப்பை நசுக்கிப் பார்த்தார், மாவாக மசிந்தது. உப்பு, நசுக்கின காந்தாரி மிளகாய், தேங்காய்த் துருவல். ருசி மொச்சைக்கும் கிழங்குக்கும் நடுவே, கொஞ்சம் மந்தமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், ருசிக்காக இதைத் தேடிப் போக மாட்டேன்.

அவ்வளவு தண்ணீரில் சத்தும் போகத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். போகும். பி வைட்டமின்களில் பெரும்பங்கும் தாதுக்களில் ஒரு பங்கும் போகும், புரதத்திலும் கொஞ்சம் கரையும். புரதத்தில் பெரும்பகுதியும் மாவுச்சத்தும் நாரும் மிஞ்சும். அதுதான் இந்தப் பருப்பிலிருந்து நமக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது. விதையை அரைத்துப் பரிசோதித்த எண்ணைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, வடித்த பருப்பைத் தின்னச் சொன்னால் அந்த எண்ணும் சரியில்லை. வடித்த பிறகு என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

இன்னொன்று. தண்ணீரின் நிறம் தெளிந்துவிட்டால் எல்லாம் தெளிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறத்தில் தோலின் துவர்ப்பும் கலந்திருக்கிறது. இந்தப் பருப்பை ஆராய்ந்தவர்கள் எல்-டோபா நூற்றுக்கு 0.1 பங்குக்குக் கீழே இறங்கினால் உணவாகக் கொள்ளலாம் என்கிற அளவை வைத்துப் பேசுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினியா நாட்டில் பருப்பை உடைத்து, துணிப்பையில் கட்டி, ஓடுகிற ஆற்றில் மூன்று நாள் போட்டு அந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்காகத் தாமிரபரணியில் மூட்டை கட்டிப் போட்டுவிடாதீர்கள், பரிகாரத் துணி கிடப்பதே போதும். ஜாவாத் தீவில் இதே பருப்பை ஊறவைத்து, அவித்து, தோலுரித்து, மறுபடி ஊறவைத்து, புளிக்கவைத்துத் தெம்பே என்று கட்டிகளாக விற்கிறார்கள். எண்ணெயில் பொரித்தால் நன்றாகவே இருக்கும் என்கிறார்கள். குழுக்களுக்கு வியாபாரம் வேண்டுமென்றால் மாவைவிட அந்த வழி நல்ல வழி. எந்த வழியில் செய்தாலும், உங்கள் முறையில் பக்குவப்படுத்திய பருப்பின் ஒரு மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து எல்-டோபா எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள். பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே எதெல்லாம் பார்ப்பார்கள், பார்க்காததை எங்கே அனுப்பலாம் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டால் சொல்வார்கள். தனித்தனிக் குழுவாகப் பணம் கட்ட முடியாது என்றால் விழா நடத்துகிற அண்ணாச்சிமார் அதை ஏற்கலாம். மேடை அலங்காரத்தில் ஒரு தோரணம் குறைந்தால் போதும்.

சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, பெரிய இடம். வைத்தியர்கள் விதையைப் பாலில் அவித்துத் தோலுரித்துச் சுத்தி செய்து, நோயாளியின் நாடியும் உடம்பும் பார்த்து, கிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். மருந்து அலமாரியில் இருக்கிற சரக்கு அது, அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்த அலமாரியிலிருந்து எடுத்துச் சத்துமாவு டப்பாவில் போடுவதோடுதான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற இளைஞர்கள் இப்போது இதை மோரிலும் வாழைப்பழத்திலும் அடித்துக் குடிக்கிறார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் குடிப்பது. அவர்களுக்கும் உங்கள் கடைதான் வாசல்.

வடித்துப் பக்குவப்படுத்திய பருப்பாகவே இருந்தாலும் சிலர் தொடாமல் இருப்பது நல்லது. வயிற்றுப்பிள்ளைக்காரி, பால் கொடுக்கிற தாய், சின்னப் பிள்ளைகள். நடுக்குவாதத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், ஏனென்றால் அளவு கூடினால் கைகால் தன்னிச்சையாக நெளிய ஆரம்பிக்கும், மருத்துவர் போட்ட கணக்கு குலைந்துவிடும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், அந்த மருந்துகளில் பல டோபமைனை அடக்குவதற்காகவே கொடுக்கப்படுபவை, இது எதிர்த்திசையில் இழுக்கும். மனச்சோர்வு மருந்துகளில் ஒரு வகையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் மேலும் இறங்கலாம். கண்ணழுத்த நோய்க்காரர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் யார்தான் தின்பது’ என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். உங்கள் விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஆளுக்கு ஒரு மாத்திரை டப்பா பையில் இருக்கும்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து விழாக்களில் இதைத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு இன்னும் பெரிய மனத்தாங்கல் உண்டு. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில், ஏழு தண்ணீர் கேட்கிற பருப்பைப் பரப்பலாமா? நம்புலாவில் நடந்தது அதுதானே. அந்த மண்ணுக்குக் காணமும் தட்டாம்பயறும் கருப்பு உளுந்தும் இருக்கின்றன. ஒரு மழையில் விளையும், ஒரு தண்ணீரில் வேகும். அறியாத பருப்பு என்பதற்காகவே ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டாட வேண்டுமா? எந்த ஊருக்கு எது என்று பார்த்துச் சொல்லுங்கள். பூனைக்காலி மலையடிவாரத்து வேலிக்கும் ஆற்றங்கரை ஊருக்கும் சரி. வயலில் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவதென்றால் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்.

விதை எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து வியாபாரி மூட்டை கட்டிக் கொண்டுவந்ததை வாங்கினால் காட்டுக்கும் கேடு, நமக்கும் கேடு, சுனை வகையும் கலந்துவரும். விளைவித்த விதையை மட்டும் வாங்குங்கள். பக்குவத்தைக் கற்றுக்கொள்ளக் காணிப் பெண்களை அழையுங்கள். மேடையில் பொன்னாடை போட்டு அனுப்பிவிடாமல், பயிற்சி கொடுத்தவருக்கு என்ன கூலியோ அதைக் கொடுங்கள், பாக்கெட்டில் ‘காணி மக்களின் முறை’ என்று போட்டால் விற்பனையில் பங்கு கொடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. அதில் கிடைத்த உரிமத் தொகையில் அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு, ஆனால் கொடுக்க வேண்டும் என்ற ஒப்புதலாவது இருந்தது.

உணவுப் பாதுகாப்புத் துறையினருக்கும் இந்த மடலின் ஒரு படி போகிறது. தடை போடுங்கள் என்று அவர்களிடம் கேட்கவில்லை. காலை முடக்கும் என்று கேசரிப் பருப்புக்கு 1961-இல் தடை வந்தும் துவரம்பருப்பில் அது கலந்து வருவது நிற்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பூனைக்காலி மாவை உணவாக விற்கப் பதிவு கேட்டு வரும் குழுவிடம், எப்படிப் பக்குவம் செய்தாய் என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

பாக்கெட்டில் என்ன போடுவது என்று தெரியவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். நானே எழுதித் தருகிறேன், பெரிய எழுத்தில், தமிழில்:

‘பூனைக்காலிப் பருப்பு. பச்சையாகவோ வறுத்தோ மாவாகவோ உண்ணக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டவும். தோலை உரித்து இரண்டாக உடைக்கவும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்து வடித்துக் கொட்டவும். புது வெந்நீர் ஊற்றி, ஏழு முறை இப்படிச் செய்யவும். எந்தத் தண்ணீரையும் ரசத்துக்கோ சாம்பாருக்கோ எடுக்கக் கூடாது, ஆடுமாட்டுக்கும் வைக்கக் கூடாது. குக்கரில் ஒரே தண்ணீரில் வேகவைக்கக் கூடாது. முதன்முறை உண்பவர் ஒரு கைப்பிடிக்கு மேல் உண்ண வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், நடுக்குவாதம், மனநோய், ரத்த அழுத்தம், கண்ணழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்போர் தவிர்க்கவும். உண்டபின் குமட்டல், தலைசுற்றல், படபடப்பு, குழப்பம் இருந்தால் இந்தப் பாக்கெட்டோடு மருத்துவமனைக்குச் செல்லவும்.’

இதை அச்சடிக்கக் கால் கிலோ பாக்கெட்டில் இடம் போதாது என்றால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டாக வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். இப்போது கையிருப்பில் உள்ள மாவை என்ன செய்வது என்று கேட்டால், வேறு வழியில்லை, எடுத்துவிடுங்கள். நட்டம்தான், தெரியும். வறுக்காத முழு விதையாக இருப்பது வீணாகாது, மேலே உள்ள சீட்டோடு விற்கலாம்.

தை கழிந்தால் அடுத்த விழாக்கள் வரிசையாக வரும். எந்த ஊரானாலும் ஒரு அடுப்பும் இரண்டு பானையும் ஒரு வடிகூடையும் போட இடம் கொடுத்தால், நான் வந்து உட்கார்ந்து ஏழு தண்ணீரையும் எல்லோர் முன்னாலும் வடித்துக் காட்டுகிறேன். காணிப் பெரியம்மை வரச் சம்மதித்தால் அவர் அடுப்பில் நிற்கட்டும், நான் பக்கத்தில் இருந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். அவருக்கு வண்டிச் சத்தமும் கூலியும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம். சீட்டின் வாசகத்தில் மாற்ற வேண்டியது இருந்தால் விழாவுக்கு முன்பே எழுதுங்கள், அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் உணவியல்காரி